கொல்லாமையும் காவல் கடமையும்: போர் பற்றிய கிறிஸ்தவ விடைகள்

பகைவரை நேசிக்கச் சொன்ன ஒருவரை ஆண்டவர் என்று ஏற்றவர்கள் போருக்குப் போகலாமா? போகலாம் என்றால் எந்தப் போருக்கு, யார் சொல்லி, எந்த எல்லைவரை? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவம் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக விடை தேடிவருகிறது. கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. திருச்சபை வரலாற்றாசிரியர் ரோலண்ட் பெயின்டன் 1960இல் வெளியிட்ட நூலில் அவற்றை மூன்றாக வகுத்தார்: போரை முற்றாக மறுப்பது, நிபந்தனைகளோடு ஏற்கும் நீதிப் போர்க் கோட்பாடு, கடவுளின் பெயரால் நடத்தும் புனிதப் போர். இந்தப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. ஆனால் கிழக்கு மரபுவழித் திருச்சபையின் நிலைப்பாடும், அண்மைக் காலத்தில் உருவாகிவரும் ‘நீதியான சமாதானம்’ என்னும் பார்வையும் அதற்குள் சரியாக அடங்குவதில்லை.

இந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எதைத் தடுத்தன, எங்கே தளர்ந்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். பகைவனின் வாளைக் கண்டிப்பது எவருக்கும் எளிது. தன் தரப்பின் வாளை நிறுத்தும் வலிமை அந்த நிலைப்பாட்டுக்கு இருந்ததா?

வேதாகமம் தரும் இரு திசைகள்

புதிய ஏற்பாட்டில் போரைப் பற்றித் தனியே ஒரு போதனை இல்லை. மலைப்பிரசங்கத்தில் இயேசு, தீமை செய்கிறவனைப் பதிலுக்கு எதிர்க்க வேண்டாம் என்கிறார். தம்மைக் கைதுசெய்ய வந்தவர்கள்மீது வாள் வீசிய பேதுருவைத் தடுக்கிறார். போர் மறுப்பாளர்கள் நிற்பது இந்த அடித்தளத்தில்தான்.

மறுபக்கத்திலும் சான்றுகள் உண்டு. தங்களுக்கான வழியைக் கேட்டு வந்த போர்வீரர்களைப் படையை விட்டு விலகும்படி யோவான் ஸ்நானகன் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்காமல் சம்பளத்தோடு நிறைவடையச் சொல்கிறார். நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு ஞானஸ்நானம் பெறுகிறார். அவர் பதவியை விட்டாரா என்று அப்போஸ்தலர் நடபடிகள் தெரிவிப்பதில்லை. ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் ஆட்சியாளரின் வாளைத் தீமையைத் தண்டிக்கும் கருவியாகக் காண்கிறது. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரம் பழிவாங்குவதை விலக்குகிறது. பழைய ஏற்பாட்டிலோ யோசுவாவின் போர்களும் இருக்கின்றன, வாள்கள் ஏர்முனைகளாகும் காலத்தைக் காணும் ஏசாயாவும் இருக்கிறார்.

ஆகவே எந்தப் பகுதியின் வெளிச்சத்தில் எதை வாசிப்பது என்ற தேர்விலேயே கருத்து வேற்றுமை தொடங்கிவிடுகிறது.

முதல் மூன்று நூற்றாண்டுகள்

பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு முந்தைய எழுத்தாளர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் படையில் சேர்வதை ஏற்கவில்லை. பேதுருவின் வாளைத் தடுத்தபோதே இயேசு எல்லாப் போர்வீரர்களின் ஆயுதத்தையும் களைந்துவிட்டார் என்பது ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனின் வாதம். கிறிஸ்தவர்கள் பேரரசைக் காக்க முன்வருவதில்லை என்று புறச்சமயத் தத்துவவாதி செல்சஸ் சாட்டிய குற்றத்துக்கு 3ஆம் நூற்றாண்டின் நடுவில் இறையியலாளர் ஒரிகன் பதில் எழுதினார். கோவில் பூசாரிகளின் கைகள் இரத்தக்கறை படாமலிருக்க ரோமர்களே அவர்களுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்களிக்கிறார்கள். கிறிஸ்தவர்களும் அப்படி ஒரு குருக்கள் கூட்டமே, அவர்கள் ஜெபத்தால் பேரரசைக் காக்கிறார்கள் என்றார்.

இந்த மறுப்பு நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வழக்கு விசாரணை சான்று. கி.பி. 295 மார்ச் 12 அன்று, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தெவெஸ்தே நகரில், 21 வயதான மாக்சிமிலியன் ஆட்சியாளர் தியோனின் முன் நிறுத்தப்பட்டார். உயரம் அளக்கப்பட்டது, படையில் சேர்ந்ததற்கு அடையாளமான ஈய முத்திரையைக் கழுத்தில் அணியும்படி சொல்லப்பட்டது. தான் கிறிஸ்தவன், போரிட முடியாது என்று அவர் மறுத்தார். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் பணியாற்றுகிறார்களே என்றார் தியோன். தங்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும், தனக்கோ இது தகாது என்று இளைஞர் பதில் சொன்னார். அன்றே அவர் தலை வெட்டப்பட்டது.

இந்த ஒரே விசாரணையில் மறுப்பும் தெரிகிறது, மறுக்காத கிறிஸ்தவர்கள் படையில் இருந்ததும் தெரிகிறது. இஸ்ரேலில் மெகிதோ சிறை வளாகத்தில் 2005இல் வெளிப்பட்ட 3ஆம் நூற்றாண்டு வழிபாட்டுக் கூடத்தின் தளக் கல்வெட்டு, அதை அமைக்கப் பொருளுதவி செய்தவராக ஒரு நூற்றுக்கு அதிபதியைக் குறிப்பிடுகிறது. ஆதித் திருச்சபை முழுவதும் போரை மறுத்தது என்று சொல்ல இச்சான்றுகள் இடம்தரவில்லை. படைச்சேவையில் சபைத் தந்தையர் அஞ்சியது கொலையையா, பேரரசருக்குப் பலியிடும் சிலை வழிபாட்டையா என்பதிலும் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் கலந்திருந்தன என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் உறுதி: கிறிஸ்தவர்கள் கொல்வதைப் போற்றிய ஓர் இறையியல் எழுத்து அக்காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கவில்லை.

அகஸ்தீன் முதல் சாலமன்கா வரை

313இல் கிறிஸ்தவம் சட்ட அங்கீகாரம் பெற்ற பிறகு கேள்வியின் முகமே மாறியது. ஆளப்பட்டவர்களின் சமயம் ஆள்வோரின் சமயமானது. எல்லையைக் காக்கும் பொறுப்பும் கூடவே வந்தது. ஹிப்போவின் ஆயர் அகஸ்தீன் (354–430) இந்தப் புதிய நிலைமைக்குள் நின்று சிந்தித்தார். தனி மனிதன் தன் உயிரைக் காக்கப் பிறரைக் கொல்வதை அவர் ஆதரிக்கவில்லை. ஆனால் பொது அதிகாரம் உடையவர், இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்ய, வெறுப்பின்றிப் போர் நடத்தலாம் என்றார். வட ஆப்பிரிக்காவில் படைத்தலைவராக இருந்த போனிபாஸுக்கு எழுதிய மடலில், போர் தேவையால் நேர்வது, அதன் நோக்கம் சமாதானம், தோற்றவனிடம் இரக்கம் வேண்டும் என்று அறிவுறுத்தினார். நீதியான போரும் துயரத்துக்குரியதே என்பது அவருடைய உறுதியான கருத்து.

13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இச்சிந்தனையை மூன்று நிபந்தனைகளாகச் சுருக்கினார்: தகுதியுள்ள ஆட்சியாளரின் ஆணை, நியாயமான காரணம், நேரிய நோக்கம். இறுதி வழியாக மட்டும் போரை நாடுவது, வெற்றிக்கு வாய்ப்பிருப்பது, விளையும் தீமை தடுக்கப்படும் தீமையை விஞ்சாமலிருப்பது, போரிடாதோரைத் தாக்காமலிருப்பது ஆகியவை பிற்கால அறிஞர்கள் வழியாக இம்மரபில் நிலைபெற்றன.

இக்கோட்பாட்டின் பலவீனமும் அகஸ்தீனிடமே தொடங்குகிறது. நெஞ்சில் அன்பு இருந்தால் கை வாளேந்தலாம் என்றால், நெஞ்சை யார் சோதிப்பது? அநீதியான மன்னனின் கீழ்ப் போரிடும் வீரன்கூட, ஆணை இறைக்கட்டளைக்கு மாறானது என்பது தெளிவாக இல்லாதபோது, குற்றமற்றவனாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். பொறுப்பு மன்னனோடு நின்றுவிட்டது.

இந்த இடத்தில் முக்கியமான திருத்தம் செய்தவர் ஸ்பெயினின் சாலமன்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தே வித்தோரியா. அமெரிக்கப் பழங்குடிகளைத் தன் நாடு வென்று அடக்கிக்கொண்டிருந்த வேளையில், 1539இல் ஆற்றிய விரிவுரைகளில், சமய வேறுபாடும் பேரரசின் விரிவும் மன்னரின் புகழும் போருக்கு நியாயமான காரணமாகா என்று மறுத்தார். போர் அநீதியானது என்று தெளிவாக உணர்ந்த குடிமகன், மன்னரே ஆணையிட்டாலும் அதில் போரிடக்கூடாது என்றார். ஆக்கிரமிப்புகள் அதனால் நின்றுவிடவில்லை. மேலும், வேறு சில காரணங்களைச் சொல்லி ஸ்பெயினின் தலையீட்டுக்கு அவர் வாசலைத் திறந்தே வைத்தார் என்ற விமர்சனமும் உண்டு. ஆயினும் தன் தரப்பையே விசாரிக்கும் கருவியாக நீதிப் போர்க் கோட்பாடு மாறக்கூடும் என்பதை அவர் காட்டினார்.

தவம் போராக மாறிய முப்பது ஆண்டுகள்

மேற்கு ஐரோப்பாவில், நியாயமானதாகக் கருதப்பட்ட போரில் கொன்றவரும் தவம் செய்ய வேண்டும் என்ற வழக்கம் நெடுநாள் இருந்தது. 1066இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் களத்தில் நார்மன் படை வென்றது. அந்தப் படையெடுப்புக்குப் போப்பாண்டவரின் ஒப்புதல் இருந்ததாகவே கருதப்பட்டது. அப்படியிருந்தும் அடுத்த சில ஆண்டுகளில் நார்மன் ஆயர்கள் வென்ற படைக்கே தவ விதிகளை வகுத்தார்கள். தான் கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டுத் தவம். அடித்தவன் இறந்தானா என்று தெரியாவிட்டால் ஆளுக்கு 40 நாள். எண்ணிக்கையே தெரியாவிட்டால் வாழ்நாள் முழுதும் வாரத்தில் ஒரு நாள், அல்லது ஓர் ஆலயம் எழுப்புதல்.

அதன்பின் முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1095 நவம்பரில் கிளெர்மோன் சங்கத்தில் போப் இரண்டாம் உர்பன், எருசலேமை மீட்கப் பக்தியோடு புறப்படுகிறவர்களுக்கு அந்தப் பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடாகும் என்று அறிவித்தார். கொன்றதற்காகத் தவம் என்பது மாறி, போருக்குப் போவதே தவமானது. 1099 ஜூலையில் எருசலேம் வீழ்ந்தபோது முஸ்லிம்களும் யூதர்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். 1204இல் நான்காம் சிலுவைப்போர்ப் படை கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாடியது. சிலுவைப்போர்களைத் தற்காப்பு என்றும் யாத்திரை என்றும் அக்கால மக்களின் பார்வையில் விளக்க முனையும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நோக்கங்களைப் புரிந்துகொள்ள அது உதவக்கூடும். எனினும், தன் தரப்புக்கு எதிராகச் சொல்ல ஒரு சொல்லும் இல்லாத நிலைப்பாடு புனிதப் போர்தான். இறைவனே ஆணையிட்டான் என்ற பின் விசாரிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

கிழக்கின் தயக்கம்

கிழக்குத் திருச்சபை நீதிப் போர்க் கோட்பாடு ஒன்றை முறையாக வகுக்கவில்லை. செசரியாவின் ஆயர் பசில் 4ஆம் நூற்றாண்டில், போரில் கொல்வதைக் கொலைக் குற்றத்தோடு சேர்க்காதபோதும், கைகள் தூய்மையற்றவை என்பதால் அவ்வீரர்கள் மூன்றாண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லது என்று ஆலோசனை தந்தார். 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் நிக்கெபோரஸ் போக்காஸ், முஸ்லிம்களுக்கு எதிரான போர்களில் மடிந்த வீரர்களை இரத்தசாட்சிகளாக அறிவிக்கக் கேட்டபோது, முதுபெரும் தந்தை போலியூக்தஸ் பசிலின் விதியையே காட்டி மறுத்தார். போர் தவிர்க்க முடியாததாகலாம், புனிதமாக முடியாது என்பது இந்த மரபின் சாரம்.

பசிலின் விதி நடைமுறையில் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படவில்லை. அரசோடு பிணைந்த திருச்சபையில் இந்தத் தயக்கம் எளிதில் கரையும் என்பதற்கு நம் காலமே சான்று. ரஷ்யத் திருச்சபை 2000இல் வெளியிட்ட சமூகக் கொள்கை ஆவணம் போரைத் தீமை என்றே சொல்கிறது. உக்ரைன் படையெடுப்பின்போது, 2022 செப்டம்பரில் முதுபெரும் தந்தை கிரில், கடமையில் உயிர்விடும் வீரனின் தியாகம் பாவங்களைக் கழுவும் என்று பிரசங்கித்தார். அவர் தலைமை வகிக்கும் உலக ரஷ்ய மக்கள் மன்றம் 2024 மார்ச்சில் அதைப் புனிதப் போர் என்றே அழைத்தது. போலியூக்தஸ் மறுத்ததை அவருடைய மரபில் வந்தவர் வழங்கினார். 2022இலேயே பல மரபுவழி இறையியலாளர்கள் இந்தப் போக்கைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாளைத் துறந்த சபைகள்

சீர்திருத்தக் காலத்தில் லூத்தரும் கால்வினும் அரசின் வாளை ஏற்றார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனபாப்டிஸ்டுகளில் ஒரு பிரிவினர் 1527இல் ஷ்லைட்ஹைமில் கூடி வேறொரு பாதையை வகுத்தார்கள்: உலகை ஆளக் கடவுள் வாளை அனுமதித்திருக்கலாம், கிறிஸ்துவின் சீடர்களுக்கு அது உரியதல்ல. அந்த அறிக்கையை எழுதியவராகக் கருதப்படும் மிக்கேல் சாட்லர் அதே ஆண்டு மரண தண்டனைக்கு உள்ளானார். ஒட்டோமான் படை வந்தாலும் எதிர்த்துப் போரிடக்கூடாது என்று போதித்தது அவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. மென்னோனைட்டுகளும், 1660இல் எல்லாப் போர்களையும் மறுத்து இங்கிலாந்து மன்னருக்கு அறிக்கை தந்த குவேக்கர்களும் இந்த மரபை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் இதற்குப் புது வேகம் தந்தார். தென்னாப்பிரிக்காவில் அவருடைய நூலை வாசித்த காந்தி தன்மீது அது ஏற்படுத்திய ஆழ்ந்த தாக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார்.

இந்நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான வாதம் 1940இல் அமெரிக்க இறையியலாளர் ரெயின்ஹோல்ட் நீபரிடமிருந்து வந்தது. தன் கன்னத்தைத் திருப்பிக் காட்டலாம், அடுத்தவனின் கன்னத்தைக் காட்ட உரிமை உண்டா? நாசிக் கொடுங்கோன்மையின் முன் போர் மறுப்பு, கொடியவனுக்கு வழிவிடுவதில் முடியும் என்றார். 1994இல் ருவாண்டாவில் சுமார் 100 நாள்களில் எட்டு லட்சம் பேர்வரை கொல்லப்பட்டபோது இக்கேள்வி மேலும் கூர்மையானது. அடைக்கலம் தேடிவந்தவர்கள் ஆலயங்களுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள்.

போர் மறுப்பாளர்களிடம் இதற்கு மூன்று பதில்கள் உண்டு. திருச்சபை முன்பே தன் மக்களைக் கொலைக்கு மறுப்புச் சொல்லப் பழக்கியிருந்தால் பெரும்பான்மைக் கிறிஸ்தவ நாடான ருவாண்டாவில் அது நிகழ்ந்திருக்குமா என்பது ஒன்று. பயனைக் கணக்கிட்டுச் சீடத்துவத்தை அளக்கக்கூடாது என்பது இன்னொன்று. வன்முறையற்ற எதிர்ப்பு நினைப்பதைவிட அதிகம் வெல்கிறது என்பது மூன்றாவது. 1900 முதல் 2006 வரையிலான இயக்கங்களை ஆராய்ந்த எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் வன்முறையற்றவை ஏறத்தாழ இரு மடங்கு வெற்றி பெற்றதாக 2011இல் காட்டினார்கள். ஆனால் இனஅழிப்பு தொடங்கிவிட்ட ஒரு நாளில் என்ன செய்வது என்பதற்கு இந்தப் பதில்கள் எதுவும் முழுமையான விடையல்ல.

குண்டுவீச்சின் காலம்

நீதிப் போர்க் கோட்பாடு தன் தரப்பை நிறுத்துமா என்பதற்கு இரண்டாம் உலகப் போர் கடும் சோதனையானது. சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், நாசிகளுக்கு எதிரான போரை ஆதரித்தவர். அவரே 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் அவையில் எழுந்து, ஜெர்மானிய நகரங்களைக் குடிமக்களோடு அழிக்கும் பிரிட்டிஷ் குண்டுவீச்சை எதிர்த்துப் பேசினார். கேன்டர்பரி பேராயர் பதவி அவருக்குக் கிட்டாமல் போனதற்கு இதுவும் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். 1956இல் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம், ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீச ஆணையிட்ட முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் தருவதை எதிர்த்தார். அவர் போர் மறுப்பாளர் அல்லர். எல்லாப் போரும் கொலையே என்று சொல்லிவிட்டால் போருக்குள் கொலை எது என்று பிரித்தறியும் திறன் போய்விடும் என்பது அவர் கருத்து.

1948இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கப்பட்ட உலகத் திருச்சபைகள் மன்றம், போர் கடவுளின் சித்தத்துக்கு மாறானது என்பதில் ஒன்றுபட்டது. அதற்கு அப்பால் ஒருமித்து நகர முடியாமல் மூன்று நிலைப்பாடுகளை அருகருகே பதிவுசெய்தது: பேரழிவு ஆயுதங்களோடு நடக்கும் நவீனப் போர் ஒருபோதும் நீதிச் செயலாகாது, சட்டத்தைக் காக்கும் இறுதி வழியாகப் படைபலம் தேவைப்படலாம், எவ்விதப் படைச்சேவையும் கூடாது. இந்தப் பிளவை மறைக்காமல் எழுதிவைத்தது ஒரு நேர்மை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நாடுகளின் தற்காப்பு உரிமையை ஏற்றபடியே, நகரங்களை முழுமையாக அழிக்கும் போர்ச்செயலைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமாகக் கண்டித்தது.

தீர்ப்பு யாருடையது?

நிபந்தனைகளை வகுப்பது ஒன்று, ஒரு குறிப்பிட்ட போர் அவற்றை நிறைவு செய்கிறதா என்று தீர்ப்பது வேறு. ஆஸ்திரியாவின் சாங்ட் ராடெகுண்ட் கிராமத்து விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர், ஹிட்லரின் போர் அநீதியானது, அதில் போரிடுவது பாவம் என்று முடிவுக்கு வந்தார். லின்ஸ் நகர ஆயரைச் சந்தித்துக் கேட்டார். அரசின் செயலுக்கு அவர் பொறுப்பல்ல, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் ஆற்ற வேண்டிய கடமை இருக்கிறது என்ற வகையில்தான் ஆயரின் அறிவுரை அமைந்தது. மருத்துவப் பணி செய்ய முன்வந்தார், ஏற்கப்படவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. 2007இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. திருச்சபையின் நீதிப் போர்ப் போதனையை எழுத்துக்கு எழுத்து நம்பியவர் இந்த விவசாயி. போதித்த திருச்சபை அன்று அவர் அருகில் நிற்கவில்லை.

சட்டமும் இந்த இடத்தில் தயங்குகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஜில்லெட் வழக்கில், எல்லாப் போர்களையும் மறுப்பவருக்கு மட்டுமே மனச்சான்று விலக்கு உண்டு, குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் மறுப்பவருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அதாவது குவேக்கருக்கு இடமுண்டு. நீதிப் போர்க் கோட்பாட்டின்படி ஆராய்ந்து வியட்நாம் போரை மறுத்த கத்தோலிக்கருக்கு இல்லை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் அதே ஆண்டில் அத்தகையோருக்கும் விலக்கு வேண்டும் என்று கேட்டார்கள்.

2003இல் இராக் போரின்போது ஒரே நிபந்தனைகளை வைத்து எதிரெதிர் முடிவுகள் எட்டப்பட்டன. கத்தோலிக்க எழுத்தாளர் ஜார்ஜ் வைகல் போரை ஆதரித்தார். போப் இரண்டாம் ஜான் பால் எதிர்த்து, வாஷிங்டனுக்குத் தூதரை அனுப்பினார். கோட்பாடு தேவையற்றது என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. அரசிடம் மட்டும் இருக்கும் உளவுத் தகவலை நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்போது அக்கோட்பாடு எளிதில் வளையும் என்பது மட்டும் தெரிகிறது.

நீதியான சமாதானம்

போர் தொடங்கும் தறுவாயில் மட்டும் கேள்வி கேட்பது காலம் கடந்தது என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது நீதியான சமாதானம் என்ற பார்வை. இறையியலாளர் கிளென் ஸ்டாசன் போன்றோர் 1990களில், போருக்கு முந்தைய ஆண்டுகளில் செய்ய வேண்டியவற்றை, அதாவது பேச்சுவார்த்தை, மனித உரிமை, ஆயுதக் குறைப்பு, தன் பிழையை ஒப்புக்கொள்ளுதல் ஆகியவற்றை, வகைப்படுத்தினார்கள். 2016இல் ரோமில் கூடிய கத்தோலிக்கர்கள் நீதிப் போர் என்ற பேச்சையே கைவிடும்படி திருச்சபையைக் கேட்டுக்கொண்டார்கள். போப் பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட சுற்றுமடலில், இன்றைய ஆயுதங்களின் முன் பழைய நிபந்தனைகளைக் காட்டி ஒரு போரை நியாயப்படுத்துவது மிகக் கடினம் என்றார். எனினும் தற்காப்பு உரிமையைத் திருச்சபை மறுத்துவிடவில்லை.

இப்பார்வையின் வலிமை அதன் முன்யோசனை. பலவீனம், முன்யோசனை தோற்ற பிறகு அதனிடம் சொல்ல அதிகம் இல்லாமை. இவ்வளவும் செய்தும் படை எல்லையைத் தாண்டிவிட்டால் என்ன என்று உக்ரைன் கிறிஸ்தவர் கேட்கும்போது, பழைய நீதிப் போர் நிபந்தனைகளே மறுபடி மேசைக்கு வருகின்றன.

இன்னும் தீராதவை

சில விஷயங்களில் மரபின் பெரும்பகுதி ஓரளவு ஒருமைக்கு வந்திருக்கிறது என்று கவனத்தோடு சொல்லலாம். புனிதப் போரை இன்று பெரும்பாலான திருச்சபைகள் கைவிட்டிருக்கின்றன; அது திரும்ப எழும்போது உள்ளிருந்தே கண்டனமும் எழுகிறது. குடிமக்களைக் குறிவைத்து அழிப்பதற்கு எந்த நிலைப்பாட்டிலும் இடமில்லை. போரை மறுப்பவரின் மனச்சான்றுக்கு மதிப்பு வேண்டும் என்பது ஏற்கப்பட்டிருக்கிறது.

தீராத கேள்விகள் மூன்று. முதலாவது, கண்முன் கொல்லப்படும் அயலானைக் காக்கப் படைபலம் தவிர வேறு வழி இல்லாதபோது போர் மறுப்பாளர் என்ன செய்வார்? இரண்டாவது, அணுஆயுதங்களும் நகரங்களுக்குள் நடக்கும் போர்களும் நிறைந்த காலத்தில் நீதிப் போரின் நிபந்தனைகளை உண்மையாகவே நிறைவு செய்யும் போர் ஒன்று உண்டா, அல்லது அந்த நிபந்தனைகள் அறிக்கைகளில் மட்டும் வாழ்கின்றனவா? மூன்றாவது, நியாயமான போரிலும் கொன்றவர் சுமந்து திரும்பும் பாரத்துக்குத் திருச்சபை என்ன செய்யும்? ஹேஸ்டிங்ஸ் வீரர்களுக்குத் தவ விதி இருந்தது. இன்று திரும்பும் வீரர்களுக்குப் பெரும்பாலும் பாராட்டு மட்டுமே இருக்கிறது.

தொடக்கத்தில் வைத்த அளவுகோலால் பார்த்தால், கோட்டின் ஒரு பக்கம் போர் மறுப்பும் மறுபக்கம் நீதிப் போரும் நிற்பதாகத் தோன்றவில்லை. மாக்சிமிலியன், வித்தோரியா, பெல், யேகர்ஸ்டேட்டர் ஆகியோர் ஒரே கோட்பாட்டினர் அல்லர். தம்முடைய அரசின் முன் நின்று இது தகாது என்று சொன்னதில் அவர்கள் ஒன்றுபடுகிறார்கள். போர் எப்போதாவது நியாயமாகுமா என்பதில் கிறிஸ்தவர்கள் இன்னும் நெடுங்காலம் வேறுபடக்கூடும். அந்த வேறுபாடு நேர்மையானதாக இருக்கலாம். ஆனால் அநீதியான போர் என்று ஒன்று உண்டு என்று போதிக்கிற எந்தத் திருச்சபைக்கும், அதை மறுத்து வரும் தன் பிள்ளையின் பக்கம் நிற்கும் கடமை இருக்கிறது. அந்தக் கடமையைச் செய்யாதவரை அதன் நிபந்தனைகள், எவ்வளவு நுட்பமானவையாக இருந்தாலும், ஆட்சியாளரின் கையில் உள்ள ஆவணமாகவே எஞ்சும்.